இருபத்தேழு காத்தாயிகள்

கலுகொல்ல தோட்டம், மேல் டிவிசன்,
ரத்தோட்டை.
30.01.2006

உரிமை ஆவண மையம், தகவல் பிரிவு, செல்வி எம். எஸ். ஸுலைஹா அவர்களுக்கு,

பெருமதிப்புக்குரிய அம்மணி,

தங்கள் கடிதம் கிடைத்தது. "கடந்த ஆறு மாதங்களில் கலுகொல்ல உதவி மேசையின் மென்பொருள் பாவனை 41 பதிவுகள் மட்டுமே. ஆகவே மார்ச் 31ஆம் திகதியுடன் மேசை மூடப்படும். கணினியைப் பொதி செய்து அனுப்பவும்." அடியில் ஒரு கையெழுத்து. மேலே ஒரு சுழி போட்டுக் கீழே இழுக்கிற அந்த 'ஸு'வை எனக்குத் தெரியாதா? மாத்தளையில் கம்பியூட்டர் வகுப்பு நடந்த நாளெல்லாம் என் கொப்பியின் பின்பக்கத்தில்தானே அதைப் பழகினாய்! அதைப் பார்த்ததோடு அம்மணி, தங்கள் எல்லாம் போய்விட்டன. இனி உள்ளபடியே எழுதுகிறேன்.

நாற்பத்தொன்றா? உனக்கு வெட்கமாக இல்லையா?

இந்த மேசை பிள்ளைக்காம்பராவின் ஒரு மூலையில் இருக்கிறது. தாய்மார் விட்டுவிட்டு மலைக்குப் போகிற குழந்தைகள் ஒரு பக்கம் தொட்டிலில் கத்த, மறுபக்கம் நான் இருந்து தட்டச்சு செய்கிறேன். கம்பியூட்டருக்குத் தூசு படாமல் என் சேலை ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களும் அடையாள அட்டை இல்லாதவர்களும் சுற்றியுள்ள நாலு தோட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். லக்கலப் பக்கத்திலிருந்துகூட இருக்கிற ஒரே பஸ்ஸைப் பிடித்து வருகிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் எழுதி, ஒவ்வொருவரையும் உங்கள் மென்பொருளில் பதிந்து, மாதம் தவறாமல் பிளாப்பி டிஸ்க்கில் போட்டு உங்களுக்கு அனுப்புகிறேன். அவற்றையெல்லாம் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைத்தீர்களா?

பழனிமுத்து அண்ணனின் மகன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். அட்டை இல்லாததால் இந்த மாதம் இரண்டு தரம் பொலிஸில் இருந்துவிட்டு வந்தான். அவனுடைய விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. மேசையை மூடினால் மீதிப் பாதியை யார் செய்வது? அட்டை இல்லாதவளைச் சோதனைச் சாவடியில் இறக்கினால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாம் இரண்டு பேரும் நேர்முகப் பரீட்சைக்குப் போன அன்றைக்கு, என்னை இறக்கினதை நீ பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டுதான் போனாய்.

கணினியைப் பொதி செய்ய மாட்டேன். வேண்டுமானால் நீயே வந்து எடுத்துக்கொண்டு போ.

ப. சந்திரகாந்தா


தெஹிவளை
06.02.2006

சந்திரா,

ஐந்து வருஷத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைக் கண்டேன். கண்டது இப்படி ஒரு கடிதத்தில்! வாசித்து முடிக்கிற வரைக்கும் என் காது சூடாக இருந்தது. அதற்காக ஸலாம் சொல்லாமல் தொடங்குகிறவள் இல்லை நான். உன்மீது சாந்தி உண்டாகட்டும். உனக்குத்தான் அது இப்போது மிகவும் தேவை.

உன்னோடு பேசுவோம் என்று தோட்டத்து ஒபிசுக்குக் கோல் எடுத்தேன். யார், எவர், என்ன உறவு, என்ன விஷயம் என்று கிளாக்கர் விசாரித்து முடிப்பதற்குள் என் டெலிபோன் கார்ட் முடிந்துவிட்டது. அதனால் நானும் கடிதமே எழுதுகிறேன்.

அந்த அறிவித்தலை நான் விரும்பி எழுதவில்லை. பணிப்பாளர் தந்த பட்டியலில் இருந்த எட்டு மேசைகளுக்கும் ஒரே கடிதம்தான் போனது. ஆனால் எண்ணிக்கை என்னுடையது. அதைப் பொய் என்று சொல்லாதே.

எப்படி எண்ணுகிறேன் என்று சொல்கிறேன், கேள். முப்பது மேசைகளின் பிளாப்பிகளையும் இங்கே ஒரு பெரிய கம்பியூட்டரில் ஏற்றுகிறோம். உருவத்தில் மட்டும் பெரிது. ஒன்றரை லட்சம் பதிவுகள் இருக்கின்றன. "மொத்தம் எத்தனை?" என்று ஒரே தடவையில் கேட்டால் அப்படியே விறைத்துப்போய் நின்றுவிடும். பக்கத்து அறையில் பதிவு ஏற்றுகிற பிள்ளைகள் வேலை நின்றுவிட்டதென்று கூச்சல் போடுவார்கள். அதனால் ஐந்நூறு ஐந்நூறாக எண்ணுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். எங்கள் கலியாண வீடுகளில் சஹன் என்கிற பெரிய தட்டில் சோறு வைத்து, தட்டுக்கு ஆறு ஆறு பேராக உட்கார வைப்போமே, அதேபோல. ஒரு கூட்டம் எழும்பினதும் அடுத்த கூட்டம். கம்பியூட்டருக்கும் மூச்சு முட்டாது, மற்றவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை. முழுக்க என் சொந்த யோசனை. பணிப்பாளரே கைதட்டினார்.

ஆகவே பிழை உன் பக்கம் இருக்கலாம். பதிந்ததைச் சேமிக்காமல் மூடுகிறாயா? வகுப்பிலேயே உனக்கு அந்தப் பழக்கம் இருந்தது. ஆறு மாதத்துப் பதிவுகளையும் மறுபடி பிளாப்பியில் போட்டு அனுப்பு. பார்க்கிறேன்.

அந்த பஸ் விஷயம். நீதான் கீழே நின்று "போ, போ" என்று கை காட்டினாய். நான் கதவடிக்கு வந்தேன். நீ இன்னும் வேகமாகக் கை காட்டினாய். அதை ஏன் உன் கடிதத்தில் எழுதவில்லை?

ஸுலைஹா


கலுகொல்ல
13.02.2006

ஸுலைஹா,

சேமிக்காமல் மூடுகிறேனாம்! வகுப்பில் ஒரே ஒரு தரம் கரண்ட் போய்விட்டது. அதற்கு நானா பொறுப்பு? அன்றைக்கு உன்னுடையதும்தான் அழிந்தது. நீ ஸேருக்கு முன்னால் அழுதாய், நான் அழவில்லை. எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆறு மாதத்துப் பிளாப்பிகளும் இதோடு வருகின்றன. காம்பராவில் பிள்ளை பார்க்கிற சுந்தரம்மா அவற்றைப் பஞ்சு வைத்துக் கட்டித் தந்தாள், உடைந்துபோகுமாம். "கொழும்புக்காரங்க கண்ணத் தொறந்து பாக்கட்டும்"னு சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

மேசை மூடப்போகிறது என்று எப்படியோ வெளியில் பரவிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை, ஒபிஸ் கிளாக்கருக்குத்தான் காது நீளம். இப்போது பிள்ளைக்காம்பராவின் வாசலில் கியூ. "நீங்க போறதுக்குள்ள என்னோடதையும் எழுதிடுங்க தங்கச்சி" என்று கையைப் பிடிக்கிறார்கள். நேற்றுப் பாப்பம்மா வந்தாள். இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் இந்த வருஷம் சாதாரணதரப் பரீட்சை. அட்டை இல்லாமல் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிள்ளைகள் பிறந்தது லயத்தில், பதிந்தவர் ஒருவரும் இல்லை. "நாங்க பொறந்தது பொய்யாம்மா?" என்று இரட்டையில் ஒரு பெட்டை என்னைக் கேட்கிறாள். அவளுக்கு நான் உன்னுடைய நாற்பத்தொன்றைக் காட்டவா?

கை காட்டினேன்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஒருத்தி நடுத்தெருவில் நின்று "போ" என்று சொன்னால் போய்விடுவதா? நீ இறங்கி வந்திருந்தால், ஏன் இறங்கினாய் என்று உன்னை ஏசியிருப்பேன், இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு வந்திருப்போம். அன்றைக்கு ஒபிஸ் பெரியவரைக் கூட்டிக்கொண்டு அப்பா வந்து, இது எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான் என்று கையெழுத்து வைக்கிற வரைக்கும் அந்தச் சாவடியின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்வதற்கு எனக்கு ஐந்து வருஷமாக ஆள் இல்லை.

பிளாப்பிகளைப் பார்த்துவிட்டு எழுது. பிழை என்னுடையது என்றால் கணினியை நானே தலையில் சுமந்துகொண்டு வருகிறேன்.

சந்திரா


தெஹிவளை
21.02.2006

என் சந்திரா,

யா அல்லாஹ், கண்டுபிடித்துவிட்டேன்! சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று எனக்கே தெரியவில்லை.

நேற்றுப் பகல் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் உன் முதல் பிளாப்பியைப் போட்டேன். திரை நிறையப் பதிவுகள். கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கின்றன. பெயர் இருக்கிறது, தகப்பன் பெயர் இருக்கிறது, லயம் இருக்கிறது, பிறந்த வருஷம்கூட 'மழை வெள்ளம் வந்த வருஷம்' என்று குறிப்பில் இருக்கிறது. அடையாள அட்டை எண் என்ற கட்டம் மட்டும் வெறுமை. அடுத்ததும் வெறுமை. எங்கோ ஓரிடத்தில் ஓர் எண். மறுபடி வெறுமை. எண் உள்ளவற்றை மட்டும் விரல் வைத்து எண்ணினேன். ஆறு பிளாப்பியிலும் சேர்த்து நாற்பத்தொன்று.

என் சோற்றுப் பார்சலை அப்படியே மூடி வைத்துவிட்டேன், சந்திரா.

ஐந்நூறு ஐந்நூறாக எண்ணுவதற்கு ஆட்களை ஏதாவதொரு வரிசையில் நிறுத்த வேண்டும். நான் அடையாள அட்டை எண்ணின் வரிசையில் நிறுத்தினேன். ஒரு கூட்டத்தின் கடைசி எண்ணை ஞாபகம் வைத்து, அதைவிடப் பெரிய எண்ணிலிருந்து அடுத்த கூட்டத்தைக் கூப்பிடுவேன். எண்ணே இல்லாதவர் எதைவிடவும் பெரியவர் இல்லையே! அவர் எந்தக் கூட்டத்திலும் வரமாட்டார். முன்னூறு தரம் சஹனுக்குக் கூப்பிட்டும் அவர் வாசலிலேயே நிற்பார். அட்டை இல்லாதவர்களுக்காக நடக்கிற மையத்தில், அட்டை உள்ளவர்களை மட்டும் ஆறு மாதமாக எண்ணியிருக்கிறேன். அட்டை என்பது ஆளோடு பிறக்கிறது என்று என் தலைக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. அதுவும் எனக்கு, உன்னோடு படித்த எனக்கு!

மூடச் சொன்ன எட்டு மேசைகளையும் பார்த்தேன். எல்லாமே தோட்டத்து மேசைகள். டவுன் மேசைகள் ஒன்றுகூட இல்லை.

பணிப்பாளரிடம் ஓடினேன். அவர் முகம் வாடிப்போனது. பணம் தருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அறிக்கை போய்விட்டதாம், எண்ணிக்கையே பிழை என்று இப்போது சொன்னால் முழு மையத்தின் மானமும் போகுமாம். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "அந்த வெறும் கட்டங்களில் அட்டை எண் மாதிரியே ஒன்பது சைபரும் கடைசியில் ஒரு வீ எழுத்தும் போடச் சொல். அடுத்த தரம் எண்ணும்போது எல்லாம் சேர்ந்துவிடும். பாவனை கூடிவிட்டது என்று மேசையைத் திறந்தே வைப்போம்."

நீ இரண்டு மூன்று நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும். எனக்கும் மனமில்லைதான். ஆனால் மேசை தப்பும், பாப்பம்மாவின் பிள்ளைகள் தப்பும். ஒரு சைபர் யாரைக் கடிக்கும்? என்ன சொல்கிறாய்?

உன் ஸுலைஹா


கலுகொல்ல
01.03.2006

ஸுலைஹா,

உன் கடிதத்தின் முதல் இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டுச் சுந்தரம்மாவைக் கட்டிப் பிடித்தேன். கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கடிதத்தைச் சுருட்டி எறிந்தேன். பிறகு எடுத்து நிமிர்த்தினேன்.

மாட்டேன். ஒரு சைபரும் போடமாட்டேன்.

இங்கே கீழ் டிவிசனில் சுந்தரலிங்கம் என்று ஒருவர் இருக்கிறார். இந்த மேசை வருவதற்கு முன்னால் வெளியில் யாரோ ஒருவரிடம் விண்ணப்பம் எழுதக் கொடுத்தார். எழுதினவர், கட்டம் வெறுமையாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கைக்கு வந்த ஓர் எண்ணைப் போட்டார். அது உண்மையில் வேறொருவரின் எண், அவர் செத்துப்போனவர். இப்போது சுந்தரலிங்கம் கள்ள எண் கொடுத்தவர். இரண்டு வருஷமாக அலைகிறார். "இல்லைன்னு எழுதியிருந்தா இல்லாதவனாவது இருந்திருப்பேன், இப்ப திருடனாயிட்டேன்" என்று என் மேசைக்கு முன்னால் நின்று அழுதார், மீசை வைத்த மனுஷன். ஒரு சைபர் யாரைக் கடிக்கும் என்று நீ கேட்டாய், இவரைக் கேட்டுப் பார்.

அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதுதான் உண்மை, ஸுலைஹா. இந்த மனுஷர்களுக்கு அரசாங்கம் எண் கொடுக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அதை நான் நிரப்பிவிட்டால் பிறகு என்னத்தைக் காட்டி அட்டை கேட்பது? ஆளை மாற்றாதே, நீ எண்ணுகிற முறையை மாற்று.

உனக்குப் பயம் என்று தெரிகிறது. வேலை போய்விடும் என்ற பயம். பயப்படாதே என்று சொல்ல மாட்டேன், எனக்கும் பயம்தான். ஆனால் ஸேர் போர்டில் பிழையாக எழுதினால் நாற்பது பேருக்கு நடுவில் எழும்பி நின்று "ஸேர், அது பிழை" என்று சொல்கிற ஒரு மாத்தளைப் பெட்டையை எனக்குத் தெரியும். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. இப்போது அவளுக்கு என்ன வந்தது?

பணம் தருகிறவர்கள் மார்ச் நடுவில் கொழும்புக்கு வருகிறார்கள் என்று போன சுற்றறிக்கையில் இருந்தது. அந்தக் கூட்டத்தில் நீயும் இருப்பாய்தானே?

சந்திரா


தெஹிவளை
17.03.2006

என் தங்கமே சந்திரா,

அல்ஹம்துலில்லாஹ்! உட்கார்ந்து வாசி. சுந்தரம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

நேற்றுக் கூட்டம். நீள மேசை, குளிரூட்டி, பிஸ்கட். பணிப்பாளர் பாவனை அறிக்கையை விரித்து, "இந்த எட்டு மேசைகளிலும் மக்களுக்கு ஆர்வம் இல்லை" என்றார். ஆர்வம் இல்லையாம்! என் காதுக்குள் உன் சத்தம் கேட்டது. எழும்பிவிட்டேன். சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "மன்னிக்க வேண்டும் ஸேர், அது பிழை. எண்ணினது நான். இப்போதே திருத்தி எண்ணிக் காட்டுகிறேன்" என்றேன்.

அந்த அறை இருந்த இருப்பை நீ பார்க்க வேண்டும். பணிப்பாளர் என்னை உட்காரச் சொல்லிக் கண்ணால் ஜாடை காட்டினார். வெளிநாட்டுக் குழுவின் தலைவி ஒரு நரைத்த தலை அம்மா. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "காட்டட்டும்" என்றார்.

புரோகிராமை முந்தின வாரமே மாற்றி வைத்திருந்தேன். பதிவு ஒன்று எங்கள் கம்பியூட்டருக்குள் ஏறும்போது அதுவே ஒரு வரவு எண் போடும். பணக்காரன், ஏழை, அட்டை உள்ளவன், இல்லாதவன் எல்லாருக்கும் அது உண்டு. இனி அந்த வரிசையில்தான் ஐந்நூறு ஐந்நூறாகக் கூப்பிடுகிறேன். வாசலில் ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

சுவரில் வெளிச்சம் விழுத்தி ஓடவிட்டேன். ஒரு கூட்டம் முடிய அடுத்த கூட்டம் ஏறுகிறது. எட்டு மேசைகளின் பெயரும் வரிசையாக இருக்கின்றன, பக்கத்தில் எண்கள். கலுகொல்ல நாற்பத்தொன்றைத் தாண்டியது. நூறைத் தாண்டியது. பிஸ்கட் கடிக்கிற சத்தமும் நின்றுவிட்டது. ஐந்நூறு, எண்ணூறு. நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். கடைசிக் கூட்டம் முடிந்ததும் நின்ற எண் 1187. முப்பது மேசைகளிலும் முதலிடம், சந்திரா! முதலிடம்! உன் பிள்ளைக்காம்பரா கொழும்புத் தலைமை மேசையையே தோற்கடித்துவிட்டது!

இன்னொன்று கேள். பணிப்பாளர் சொன்ன சைபர் வழியையும் முன்னால் செய்து பார்த்திருந்தேன். எல்லாருக்கும் ஒரே எண் போட்டால், என் பழைய புரோகிராம் முதல் ஐந்நூறு பேரை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய எண் எது என்று தேடிக்கொண்டு மற்றவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. நீ மறுத்திராவிட்டால் பொய்யும் சொல்லியிருப்போம், மேசையும் போயிருக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். அந்த அம்மா உன் மேசைப் பதிவுகளைப் பிரதி எடுத்து வாசித்தார். பெயர்ப் பகுதியில் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டார். "காத்தாயி, காத்தாயி, காத்தாயி... இருபத்தேழு. ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பதிந்தது மாதிரி இருக்கிறதே?" என்றார். அதற்கென்றே காத்திருந்த மாதிரி பணிப்பாளர், "எண்ணிக்கையைக் கூட்டுவதற்குச் செய்திருக்கலாம்" என்று எடுத்துக் கொடுத்தார். மனுஷனை அப்படியே... வேண்டாம், நோன்பு நாளில்லாவிட்டாலும் நாக்கைக் கட்டுகிறேன்.

26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா அங்கே வருகிறார். பிரதியிலிருந்து ஒரு பத்துப் பேரைக் கூப்பிட்டுப் பார்ப்பாராம். ஆட்கள் இருந்தால் மேசை இருக்கும், எட்டு மேசைகளும் இருக்கும். பொய் என்று கண்டால் எல்லாம் மூடப்படும், என் வேலையும் போகும். என்னை வாகனத்தில் ஏற்ற மாட்டேன் என்று பணிப்பாளர் சொல்லிவிட்டார். டிரைவர் ஸக்கரியா நாநா வருவார், நம்ம ஆள், மொழிபெயர்ப்பும் அவர்தான்.

நான் உன்னை நம்புகிறேன். ஆனாலும் கேட்டுவிடுகிறேன், கோபிக்காதே. இருபத்தேழும் இருபத்தேழு பேர்தானே?

ஸுலைஹா


கலுகொல்ல
27.03.2006

என் ஸுலைஹா,

நீ எழும்பி நின்ற பகுதியை நாலு தரம் வாசித்தேன். நாலு தரமும் அழுதேன். பஸ் கணக்கு அதோடு தீர்ந்தது. இனி அதைப் பேசுகிறவள் நானில்லை.

இருபத்தேழும் இருபத்தேழு பேரா என்று கேட்டாய். மாத்தளை டவுனில் பிறந்தவளுக்கு இது தெரியாததில் ஆச்சரியமில்லை. இங்கே கோயிலில் இருப்பது காத்தாயி அம்மன். பிள்ளை தங்காத வீட்டில் அம்மனுக்கு நேர்ந்து, அடுத்துப் பிறக்கிற பெண்ணுக்கு அவள் பேரையே வைப்பார்கள். லயத்துக்கு லயம் காத்தாயிதான். என் அக்காவும் காத்தாயி. எனக்கு முன்னால் அவள் பிறந்துவிட்டதால் நான் தப்பினேன்.

உன் கடிதம் வந்த அன்று பின்னேரமே கோயிலடியில் விஷயத்தைச் சொன்னேன். மாதர் சங்கத் தலைவியும் ஒரு காத்தாயிதான், வெத்தலைக் காத்தாயி என்போம், பேச்சில் பயங்கரம். "நாங்க எல்லாரும் ஒரே ஆளாமா? வரட்டும் அந்தம்மா" என்றாள். அவ்வளவுதான், செய்தி நாலு தோட்டத்துக்கும் போய்விட்டது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கிற நாள், ஒரு நாள் சம்பளம் போனால் போனதுதான். ஒருத்தியும் மலைக்குப் போகவில்லை. காலையிலேயே, வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கூட்டம். தலைக்கு எண்ணெய் வைத்து, தீபாவளிச் சேலையை எடுத்துக் கட்டி, பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட்டு வந்து நிற்கிறார்கள். லக்கலப் பக்கத்து ஆட்கள் டிரக்டர் பிடித்து வந்து இறங்கினார்கள். நான் ஒருவரையும் கூப்பிடவில்லை. பத்துப் பேர் என்று சொன்ன இடத்தில் களம் கொள்ளாமல் ஆட்கள்!

வாகனம் வந்தது. அந்த அம்மா இறங்கினார், பணிப்பாளர் இறங்கினார், கூட்டத்தைப் பார்த்துவிட்டு இன்றைக்கு இங்கே திருவிழாவா என்று கேட்டார். "இல்ல ஸேர், உங்க பட்டியல்தான் நிக்கிது" என்றார் ஸக்கரியா நாநா. அவருக்கு என் பேரால் ஒரு பிரியாணி வாங்கிக் கொடு.

சனமெல்லாம் தரையில் உட்கார, அந்த அம்மா கதிரையில் உட்கார்ந்து பிரதியை விரித்தார். எடுத்த எடுப்பிலேயே, "காத்தாயி" என்றார்.

ஸுலைஹா, இருபத்தேழு பேர் எழும்பினார்கள்! கைப்பிள்ளையோடு ஒருத்தி, கண்ணாடி போட்ட ஒருத்தி, பள்ளிக்கூட உடுப்பில் ஒருத்தி. எல்லாரும் ஒரே குரலில் "நாந்தாங்க!" அந்த அம்மா மிரண்டுபோய்ப் பின்னுக்குச் சாய்ந்தார். பிறகு பிரதியைப் பார்த்து, "தகப்பன் பெயர் சிவலிங்கம்" என்றார். பதினெட்டுப் பேர் உட்கார்ந்தார்கள், ஒன்பது பேர் நின்றார்கள். களம் முழுக்கச் சிரிப்பு. பணிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, எந்த லயம், தாய் யார், எந்த வருஷம் என்று கேட்டு, பதிலை நானும் ஸக்கரியா நாநாவும் இங்கிலிஷில் சொல்லச் சொல்ல, அந்த அம்மா பேனாவால் தான் போட்ட வட்டங்களைத் தானே வெட்டிக்கொண்டு வந்தார். பத்தாவது காத்தாயியோடு பேனாவை மூடினார். எழும்பி என் கையைப் பிடித்து, மேசை மூடப்படாது, எட்டு மேசைகளும் மூடப்படாது, லக்கலப் பக்கத்துக்கும் ஒன்று புதிதாகத் திறக்கச் சொல்வேன் என்றார். ஸக்கரியா நாநா அதைத் தமிழில் சொன்னதும் எழுந்த சத்தத்தில் பிள்ளைக்காம்பராக் குழந்தைகள் எல்லாம் கத்தத் தொடங்கிவிட்டன. சுந்தரம்மா பணிப்பாளருக்கே ஒரு குழந்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவர் அதைப் பிடிக்கத் தெரியாமல் நின்றார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மா வாகனத்தில் ஒரு காலை வைத்துவிட்டார். வெத்தலைக் காத்தாயி முன்னால் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் பத்துப் பேருக்குள் வரவில்லை.

"எங்கம்மா போறீங்க? என்னைய இன்னும் எண்ணலியே?"

போதும், நம்பிவிட்டேன் என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். காத்தாயி சிரிக்கவில்லை.

"நீங்க நம்புனது சரி. எங்கள ஒரே ஒரு தடவதாம்மா எண்ணியிருக்காங்க. நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ, இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்துறதுக்கு. எங்க அக்கா குடும்பத்த அப்பிடித்தான் எண்ணிக் கொண்டு போனாங்க. இங்க இருக்கிறதுக்குன்னு எங்கள யாரும் எண்ணுனதில்ல. எல்லாரையும் எண்ணிட்டுப் போங்க."

ஸக்கரியா நாநா மொழிபெயர்க்கத் தொடங்கினார், பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தார். நான் சொல்லி முடித்தேன். அந்த அம்மா வாகனத்திலிருந்து காலை எடுத்தார். கதிரையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, "காத்தாயி" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அவள் நிமிர்ந்து நின்று "இருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு வரிசை வரிசையாக வந்து, கடைசி ஆள் வரைக்கும் எல்லாரும் அப்படியே சொன்னார்கள்.

சந்திரா